அமாவாசைக்கு அவர்கள், பௌர்ணமிக்கு நாங்கள்

அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலை மனிதவள அமைச்சு வெளியிட்டதும், அதை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பது என் வழக்கம். செருகுவதற்கு முன் இரண்டு வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொள்வேன். பட்டியலில் உள்ள நாள்களுக்குச் சிவப்பு; பட்டியலில் இல்லாவிட்டாலும் யாராவது வந்து விடுப்புக் கேட்கப்போகிற நாள்களுக்குப் பச்சை. சிவப்பை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பச்சைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வேண்டும்.

கட்டடங்களின் குளிர்சாதன இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். கணினிகள் இரவும் பகலும் ஓடும் அறைகளுக்கும், மருந்து வைத்திருக்கும் கிடங்குகளுக்கும் பெருநாள், பண்டிகை என்று எதுவும் கிடையாது. இயந்திரம் நின்றுவிட்டது என்று எந்த நேரத்தில் தொலைபேசி வந்தாலும் இரண்டு பேர் புறப்பட்டுப் போக வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று எழுதிவைக்கும் டியூட்டி பட்டியல் என் பொறுப்பில் இருப்பதால், சிங்கப்பூரில் ஓர் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதை நான் கோயில் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அறிந்ததைவிட, 'அன்று நான் நிற்க முடியாது' என்று வந்து சொல்லும் முகங்களின் வழியாகவே அதிகம் அறிந்திருக்கிறேன்.

சட்டப்படி இங்கே ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். ஜனவரி 1, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், நோன்புப் பெருநாள், புனித வெள்ளி, மே தினம், ஹஜ்ஜுப் பெருநாள், விசாக தினம், ஆகஸ்ட் 9 தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்களும் விடுமுறை. வேலை இல்லாத சனிக்கிழமையில் விழுந்தால், வேறொரு நாள் விடுப்போ ஒரு நாள் சம்பளமோ தர வேண்டும். விடுமுறை நாளில் வேலைக்கு வருபவருக்குக் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் உண்டு. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இந்தப் பட்டியலில் தைப்பூசம் இல்லை. முன்பு இருந்தது. 1968-இல் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது நீங்கியவற்றுள் அதுவும் ஒன்று. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக அறிவிப்பு வந்திருந்த ஆண்டு அது. புதிதாகப் பிறந்த நாடு வேலைவாய்ப்பைப் பற்றியும் உற்பத்தியைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சமயத்தாரிடமும் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்கப்பட்டது. முஸ்லிம்கள் நபிகளின் பிறந்தநாளை விட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போயிற்று. இந்துக்கள் தைப்பூசத்தை விட்டுத் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். இந்த வரலாறு தெரியாமல், தைப்பூசத்துக்கு மட்டும் ஏன் விடுமுறை இல்லை என்று ஆண்டுதோறும் புதிதாகக் கோபப்படுகிறவர்கள் உண்டு. நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. நான் வளர்ந்த தமிழ்நாட்டிலேயே தைப்பூசம் அரசு விடுமுறை ஆனது 2021-இல்தான். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் அதுவரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரில் தைப்பூசம் விடுமுறை நாள். அங்கிருந்து தினமும் எல்லையைக் கடந்து எங்கள் நிறுவனத்துக்கு வேலைக்கு வரும் இளைஞர் ஒருவர், தன் ஊர் விடுமுறையில் இருக்கும் நாளில் இங்கே சீருடையோடு வந்து நிற்பதை நினைத்து ஆண்டுக்கொரு முறை பெருமூச்சு விடுவார்.

2026-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. விசாக தினம் மே 31, தேசிய தினம் ஆகஸ்ட் 9, தீபாவளி நவம்பர் 8 என்று மூன்று விடுமுறைகள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், மூன்று திங்கள்கிழமைகள் சிவப்பாயின. தைப்பூசமும் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அதன் மறுநாள் திங்கள், வெறும் திங்கள்.

இந்த ஊரின் தைப்பூசத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதல் நாள் செட்டிப்பூசம். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து வெள்ளி ரதத்தில் முருகன் புறப்பட்டு, கியோங் சைக் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு, அண்ணனைப் பார்க்கப் போய் மாலையில் திரும்புவார். டேங்க் ரோடு ஆலயம் நகரத்தார் 1859-இல் எழுப்பியது. மறுநாளுக்கான கூட்டம் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் அன்று இரவே சேரத் தொடங்கிவிடும். நள்ளிரவை ஒட்டிப் பால்குடங்கள் புறப்படும். விடியத் தொடங்கியதும் அலகுக் காவடிகள் வரும். சிராங்கூன் சாலையின் ஓரத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு தடத்தில், பக்கத்துத் தடத்தில் பேருந்துகள் ஊர்ந்துகொண்டிருக்க, சிலிகி சாலை, டோபி காட் வழியாக நடை நீளும். 1973 முதல் ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தடை இருந்த ஆண்டுகளில் காவடிக்குப் பின்னால் வருகிறவர்களின் குரலே தாளமாக இருந்தது. 'வேல் வேல்' என்று கத்திக் கத்தி, டேங்க் ரோடு வந்து சேரும்போது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

விடுப்புக் கிடைக்காத ஓர் ஆண்டில், நள்ளிரவில் பால்குடம் எடுத்துவிட்டுக் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் வந்தேன். பால் தளும்பாமல் இருக்க வாயை மஞ்சள் துணியால் கட்டிய குடம், தலையில் சும்மாடு, பாதத்துக்கு அடியில் தார்ச்சாலை. இரவில் சாலை சுடாது என்று நினைத்திருந்தேன். சுடவில்லைதான், ஆனால் பகலெல்லாம் வண்டிகள் ஓடித் தேய்ந்த தார் எவ்வளவு சொரசொரப்பானது என்பது செருப்பில்லாமல் நடந்தால்தான் தெரியும். ஒவ்வொரு சிக்னலிலும் வெள்ளைக் கோடுகள் வரும். அந்தக் கோட்டுச் சாயம் வழவழவென்றிருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் முருகனை நினைத்து நடந்தேனா, அடுத்த வெள்ளைக் கோட்டை நினைத்து நடந்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அபிஷேகம் முடிந்து வீடு போய்க் குளித்து, புடவையை மாற்றிக்கொண்டு அலுவலகம் வந்தபோது, கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்த சீனப் பெண்மணி என் நடையைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அடுத்த ஆண்டு தன்னிடம் சொல்லும்படியும், அன்று என் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் கூறினார். அதற்குப் பதிலாக, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் பிற்பகல் தன் மேசையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று அவருடைய வீட்டில் குடும்ப விருந்து. மகள்கள் வருவதற்குள் சமைத்தாக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் இந்த மாற்று ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது. பிறகு டியூட்டி பட்டியல் என் கைக்கு வந்தபோது, தொழில்நுட்பர்களுக்கும் இதையே விரித்துப் போட்டேன். சீனப் புத்தாண்டுக்குத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் நிற்பார்கள். தைப்பூசத்துக்குச் சீனர்கள் நிற்பார்கள். இது எப்படி ஒரு முறைகூட மோதாமல் நடக்கிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது. நாள்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும் அமாவாசை நாள். தைப்பூசம் தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டியது. ஒன்று நிலா இல்லாத நாள், மற்றது நிலா நிறைந்த நாள். எந்த ஆண்டிலும் இரண்டும் ஒரே நாளில் வர முடியாது. அதே சமயம் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் போகவும் முடியாது. முன்னே பின்னே ஏறத்தாழ பதினைந்து நாள்தான். 2022-இல் பூசம் ஜனவரி 18, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 1. 2023-இல் முறை மாறி, புத்தாண்டு ஜனவரி 22, பூசம் பிப்ரவரி 5. 2024-இல் பூசம் ஜனவரி 25, புத்தாண்டு பிப்ரவரி 10. 2025-இல் புத்தாண்டு ஜனவரி 29, பூசம் பிப்ரவரி 11. வாங்கிய கடனைப் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாரும் மறந்துபோக நேரமில்லை.

ஆனால் இது சரிக்குச் சரியான கணக்கு அல்ல. முன்னால் சொன்ன விதியை இப்போது நினைத்துப் பாருங்கள். சீனப் புத்தாண்டு அன்று நிற்கும் எங்களுக்கு ஒரு நாள் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது. தைப்பூசத்தன்று எங்களுக்காக நிற்கும் அவர்களுக்கு வழக்கமான சம்பளம் மட்டுமே. காகிதத்தில் அது சாதாரண வேலை நாள். இதை நான் ஒருமுறை கணக்குப் பிரிவு அம்மாளிடம் சொன்னபோது, தனக்கு இது முன்பே தெரியும் என்றும், சம்பளக் கணக்கைப் போடுவதே தான்தான் என்றும் சொல்லிச் சிரித்தார்.

சீனப் புத்தாண்டை நான் முதன்முதலில் பசியால்தான் அறிந்தேன். 2008 பிப்ரவரி 7. தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காலையில் வழக்கம்போல் கீழே காப்பிக்கடைக்குப் போனால் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஈரச்சந்தையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. எந்நேரமும் இரைச்சலாக இருக்கும் புளோக் அவ்வளவு அமைதியாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கதவிலும் சிவப்புத் துணி தொங்கியது. தாழ்வாரத்தில் புத்தாடை அணிந்த குழந்தைகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கோ அறையில் அரைப் பொட்டலம் பிஸ்கட்டைத் தவிர ஒன்றுமில்லை. பிற்பகல் வரை தாக்குப்பிடித்துவிட்டுப் பேருந்து ஏறி, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. உணவகத்தில் இடம் கிடைக்க அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் போல முதல் ஆண்டுக்காரர்கள்தான் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

அன்று மாலை எதிர்வீட்டுப் பாட்டி என் கதவைத் தட்டி, இரண்டு கைகளாலும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். மறுவாரம் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் திகைத்துப் போனார்கள். ஆரஞ்சு கொடுப்பவருக்கு இரண்டு ஆரஞ்சுகளைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு என்பதும் முக்கியம், ஒற்றைப்படை ஆகாது. வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையல்ல. வெட்கத்தோடு தேக்காவிலிருந்து பழம் வாங்கிப் போய்ப் பாட்டியிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அவர் பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வேறு இரண்டு பழங்களை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

வெடிச் சத்தம் இல்லாத சீனப் புத்தாண்டு, வெடிச் சத்தம் இல்லாத தீபாவளி இரண்டுக்கும் ஒரே சட்டம்தான் காரணம். பட்டாசால் தீ விபத்துகளும் உயிரிழப்புகளும் நேர்ந்த பின், 1972-இல் பட்டாசு முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மக்களின் மனக்குறையைத் தணிக்க மறு ஆண்டு, 1973-இல், சிங்கே ஊர்வலம் தொடங்கியது. இன்று அது எல்லா இனத்தாரும் ஆடிப்பாடும் பெரிய ஊர்வலமாகிவிட்டது. தீபாவளிக்கு அப்படி ஈடு எதுவும் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கம்பி மத்தாப்பு மட்டும் மிஞ்சியது. விளையாட்டு மைதானத்தில் அதைக் கொளுத்திக் கையைச் சுழற்றும் குழந்தைகளைப் பார்க்கும்போது, சத்தமில்லாமல் வளர்ந்த அவர்களுக்கு இழப்பு என்று ஏதும் தோன்றுவதில்லை என்பது தெரிகிறது. இழந்தது நான்தான், எனக்குக் காலை நான்கு மணிக்கு முதல் சரவெடி கேட்டாக வேண்டும்.

கிடங்குப் பொறுப்பாளராக இருக்கும் பாய் கடையநல்லூர்க்காரர். நிறுவனத்தில் அனைவரையும்விட மூத்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நோன்பு மாதத்தில் அவருடைய பச்சை நாள்கள் முப்பது. நோன்பு பிடிக்கும் தொழில்நுட்பர்களை வெயில் நேரத்தில் மொட்டை மாடி வேலைக்கு அனுப்பாமல், காலையிலேயே வேலையை முடித்துக்கொடுத்து, நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீடு போகும்படி பட்டியலை மாற்றிக்கொள்வோம். இந்த ஊரில் அதில் ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணி அளவிலேயே மறைகிறது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவானதால் ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டே போகும். குளிர்நாடுகளில் அதனால் நோன்பின் நேரம் கூடும், குறையும். இங்கே எந்த மாதத்தில் வந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான், அதே வெயில்தான். பருவம் என்று சொல்லிக்கொள்ள ஆண்டின் கடைசியில் வரும் வடகிழக்கு மழையைத் தவிர எதுவும் இல்லாத ஊரில், மாதம் எது என்பதை விளக்குத் தோரணங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சைனாடவுன் சிவந்தால் ஒரு காலம். கேலாங் சிராயில் நோன்பு மாதக் கடைவரிசை முளைத்தால் ஒரு காலம். சிராங்கூன் சாலைக்கு மேலே மயிலும் தாமரையும் ஒளிர்ந்தால் ஒரு காலம். ஆர்ச்சர்ட் சாலை மின்னினால் ஆண்டு முடிகிறது.

பாய் வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் போவது சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசலுக்கு. சில எட்டு வைத்தால் மாரியம்மன் கோயில். தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னால் அந்தக் கோயிலில் தீமிதி. அதற்கும் பெருமாள் கோயிலிலிருந்துதான் நடந்து வருவார்கள், அதுவும் விடுமுறை அல்ல, அதற்கும் பச்சை. எங்கள் தொழில்நுட்பர் ஒருவர் ஆண்டுதோறும் தீமிதிக்கிறார். மறுநாள் காலை அவரை ஏணி ஏற வேண்டிய வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது பட்டியலில் எழுதப்படாத விதி. அவர் கேட்டதில்லை, பாய்தான் ஒருமுறை என் மேசைக்கு வந்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

புனித வெள்ளி, மே தினம், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் குறைவு. விசாக தினத்தன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள பெரிய புத்தர் கோயிலின் வாசலில் வரிசை நிற்கும். வீரமாகாளியம்மனைத் தரிசித்துவிட்டு வருகிறவர்களில் சிலர் அந்த வரிசையிலும் போய்ச் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். பச்சை நாள்களில் கடினமானது சீனர்களின் ஏழாம் மாதம். பட்டியலில் அதற்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனால் அந்த மாதம் முழுவதும் அடுக்குமாடிகளுக்குக் கீழே இரும்புத் தொட்டிகளில் காகிதம் எரியும். திடலில் கூடாரம் போட்டு இரவில் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் வந்துபோகும் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். அந்த மாதத்தில் புதிய இயந்திரத்தை இயக்கித் தொடங்கிவைக்க விரும்பாத வாடிக்கையாளர்கள் உண்டு. ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று முதல் முறை அப்பாவியாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஒரு மாதம் கழித்து வேலைக்கான உத்தரவு மட்டும் வந்தது.

தேசிய தினம் நெருங்குவதை அறிய நாள்காட்டி தேவையில்லை. ஜூலைச் சனிக்கிழமைகளில் ஒத்திகைக்காகப் போர் விமானங்கள் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகும். எங்கள் புளோக்கின் தாழ்வாரங்களில் கொடிகள் வரிசையாகத் தொங்கும். 2015-இல் பொன்விழாவுக்காக ஆகஸ்ட் 7-ஐயும் விடுமுறையாக அறிவித்தபோது, நான்கு நாள் தொடர் விடுமுறைக்கு ஆள் பிடிக்க நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தேர்தலும் இதே வகைதான். வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. ஆனால் முந்தைய ஆண்டுப் பட்டியலில் அதை யாரும் அச்சிட முடியாது. 2025-இல் நாடாளுமன்றம் கலைந்தது ஏப்ரல் 15. வாக்களிப்பு மே 3, சனிக்கிழமை. வியாழக்கிழமை மே தினம் வேறு. இடையில் இருந்த வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டு ஒரே நாளில் ஒன்பது விண்ணப்பங்கள் வந்தன.

மோதவே மோதாத நாள்களைப் பற்றிச் சொன்னேன். மோதுகிற நாள்களும் உண்டு. சீனப் புத்தாண்டு அமாவாசையில் பிறக்கிறது. நோன்புப் பெருநாள் அமாவாசைக்குப் பின் தெரியும் முதல் பிறையில் பிறக்கிறது. ஆகவே நகர்ந்து வரும் ஹிஜ்ரி மாதம் அந்த அமாவாசையை எட்டிப் பிடிக்கும்போது, இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். 1996 முதல் 1998 வரை மூன்று ஆண்டுகள் அப்படித்தான் வந்தன. நான் அப்போது இங்கே இல்லை. 'ஒரு பக்கம் அங் பாவ், மறுபக்கம் பெருநாள் காசு. பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம்' என்று பாய் சொல்வார். அங் பாவ் என்பது சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கும் காசு. தீபாவளியும் தேய்பிறை முடிவில் வருவதால் அதுவும் தப்பாது. 2005-இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் நவம்பர் 3. மறு ஆண்டு அக்டோபர் 21-உம் 24-உம். 2000-ஆம் ஆண்டில் ஜனவரி தொடக்கத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக நோன்புப் பெருநாளே இருமுறை வந்தது. பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டிருக்கும் தைப்பூசத்துக்கு மட்டும் இந்த நெரிசல் எதுவும் இல்லை. சிவப்பு நாள் என்ற தகுதி போனாலும், அன்று நமக்காக நிற்க ஆள் கிடைக்கிறது. எனக்கு இது சிறிய ஆறுதல் அல்ல. பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும்.

ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹிஜ்ரி மாதம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிடும் என்பதால், 1996-இல் நடந்தது அடுத்து எப்போது நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2029. அவ்வாண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. நோன்புப் பெருநாளும் அதை ஒட்டியே வரும். சீனர்கள் வர மாட்டார்கள், மலாய்க்காரர்கள் வர மாட்டார்கள். பட்டியல் முழுவதும் எங்கள் தலையில். காகிதத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய்ப் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாள்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நான் அதுக்குள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன், தங்கச்சி. பெருநாளைக்குக் கடையநல்லூர்லதான் இருப்பேன். என் பேரை எதுலயும் போடாத."

சரி பாய் என்றேன். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பூசம் அந்த வருஷம் என்னைக்கு வருது, பாத்தியா? அதையும் இப்பவே சொல்லி வச்சிரு. சீனக்காரங்களுக்கு ரெண்டு வாரத்துல புதுவருசம். கடைசி நேரத்துல கேட்டா ஆள் கிடைக்காது."

பார்த்திருக்கவில்லை. மேசைக்குத் திரும்பி, பச்சைப் பென்சிலைத் தேடினேன்.